இசை நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் ஒருங்கே கலந்து நின்ற மேடையொன்று தமிழரிடையே செழித்திருந்தது. அதுவே இசை நாடக மேடை. அம்மேடையில் நடிகன் முதற்கண் பாடகனாதல் வேண்டும். ஒலிபெருக்கி வழக்கிற்கு வாராத அந்நாளில், கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு இரவு முழுதும் பாடவல்ல குரலே அவனது முதல். அம்முதலைக் கொண்டு இருபத்தேழே ஆண்டு வாழ்வில் நிலைத்த புகழ் ஈட்டியவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் வாழ்வின் பெருந்திருப்பம் நமது கொழும்பு மாநகரிலே நிகழ்ந்தமையால், அவர் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் ஓவியத் திரைகளையும் ஆர்மோனியத்தையும் தென்னாட்டிற்குக் கொணர்ந்தனர். அப்புதுமையைப் புராணக் கதைகளோடும் தமிழ்ப் பாட்டு மரபோடும் இணைத்து, நாடகங்கள் பல யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அதே பார்சி மரபு இலங்கையிற் சிங்கள நூர்த்தியாக வளர்ந்தது. மருதானை டவர் மண்டபம் 1911ஆம் ஆண்டில் அதன் பொருட்டே திறக்கப்பெற்றது. ஆகவே, பாட்டால் நடக்கும் நாடகம் கொழும்பு மக்களுக்குப் புதியதன்று. தமிழகக் குழுக்களும் கடல்கடந்து வந்து இங்கு நடித்தன.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையிற் பிறந்தார். இளம் பிராயத்திலேயே மேடையேறி, பின்னர்க் காட்சிச் சிறப்பாற் பெயர்பெற்ற கன்னையா குழுவிற் சேர்ந்து ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களில் விளங்கினார். ஆடவர் எட்டுதற்கரிய உயர்ந்த சுருதியிலும் அவர் குரல் இனிமை குன்றாது நின்றது. கருநாடக இசைவாணர் பலரும் அதனை வியந்தனர்.

1926ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையிலே அவரும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்தனர். ‘வள்ளி திருமணம்’ அவர்தம் புகழ்பெற்ற நாடகமாயிற்று. அதில் முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வந்து வள்ளியோடு வாதிடுவான். கேள்வியும் பாட்டு, விடையும் பாட்டு. தள்ளாடும் கிழவன் திடீரென வீறுகொண்டு பாடும்போது அவையிற் சிரிப்பு எழும். அடுத்த கணமே இசையில் மயங்கி அடங்கும். நகைச்சுவையையும் இசையையும் ஒரே மூச்சில் ஆளும் இவ்வாற்றலே இசை நாடக நடிகனின் உரைகல் எனலாம்.

மேடைப் பொருத்தம் மணவாழ்வாக மலர்ந்தது. ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர். இவ்விருவர் வாழ்வும் பிரிவையும் துயரையும் கண்டது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டு, நெடுநாள் தனித்து வாழ்ந்தார். 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்து, பிற்காலத்தில் ஔவையாராகவும் தோன்றி, 1980இல் மறைந்தார்.

கிட்டப்பாவின் நடிப்பைக் காட்டும் திரைப்படம் எதுவும் நமக்கில்லை. பக்கமொன்றுக்கு மூன்று நிமிடமே ஓடும் இசைத்தட்டுகள் அவர் குரலை மட்டும் காத்துத் தந்தன. பாட்டுக்காகக் கதை காத்துக் கிடந்தது என அம்மேடையைக் குறைகூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மையுமுண்டு. எனினும் அம்மேடையின் முழுமையை இசைத்தட்டைக் கொண்டு அளத்தல் முறையன்று. எழுத்தறியாத மக்களுக்கும் இராகத்தையும் புராணத்தையும் ஒருசேரப் புகட்டிய பள்ளி அது.

அம்மரபை ஈழத்தில் நம் காலம்வரை காத்தவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய ‘மயான காண்டம்’ கண்டு கண்ணீர் வடித்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். கிட்டப்பாவின் மேடையைப் படம்பிடிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. இம்முதியோரின் நினைவுகளும் அவ்வாறு அழியாதிருக்க, மாணவர்கள் இன்றே அவர்களை அணுகிக் கேட்டு எழுதி வைத்தல் கடன்.