தலமரமும் ஓருயிரே

சிவாலயத்தை வலம்வரும் அன்பர் தலமரத்தின்முன் கைகூப்பி நிற்றல் யாண்டுங் காணப்படுவது. அறிவில்லாத மரத்தைத் தொழுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவுப. அவ்வினா மரத்தைக் கல்லோடும் மண்ணோடும் ஒப்பவைத்து எழுந்தது. தமிழ்நூலார் அங்ஙனங் கொண்டிலர். தொல்காப்பியனார் மரபியலில் மரத்தை ஓரறிவுயிரென வகுத்தார். அவ்வறிவு தொட்டறியும் ஊற்றுணர்வு. சைவநூல்களும் எழுவகைப் பிறப்பினுள் தாவரத்தை ஒன்றாக வைத்தன. ஆகலின், மரமும் மலத்தாற் கட்டுண்டு, தனக்கேற்ற உடம்பின்கண் நின்று வினைப்பயன் நுகரும் பசுவே. பசுவைப் பதியெனக் கோடல் சித்தாந்தமன்று. பதி அவ்விடத்து விளங்கி நிற்றல்பற்றியே தொழுகை நிகழ்வது. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தை அரனெனத் தொழுமாறு விதித்தமையின், ஆலயத்துள் நிற்கும் மரமும் அத்தொழுகையுள் அடங்கும்.

இனி, மரத்தின்மேல் மக்கள் வைக்கும் அன்பு கோயிலொடு தோன்றியதன்று. நற்றிணை 172-ஆம் பாட்டில், சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதை புன்னையாய் முளைக்கின்றது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்ட அப்புன்னையை, மகளிர்க்கு உடன்பிறந்தாளென்றே தாய் கூறுகின்றாள். பின்னாளில் அதன் நிழலிலே தலைவனொடு நகையாடுதற்கு அவர்கள் நாணுகின்றனர். உடன்பிறந்தாள்முன் நாணுவது இயல்பன்றோ! இவ்வன்பே இறைவனைச் சார்ந்தவழிப் பத்தியாகின்றது. திருக்குற்றாலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், அங்குள்ள குறும்பலாவை முன்னிட்டுத் தனியே ஒரு திருப்பதிகம் அருளினார். அஃது இரண்டாந் திருமுறையில் உளது. சிதம்பரத்திற்குத் தில்லையென்னும் பெயர் தந்த மரமோ, கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழியில் நிற்கின்றது. அதன் பால் கண்ணிற் படின் கேடு செய்யும். அத்தகைய மரத்தையும் சிறப்பித்தமையின், அவ்வன்பு பயன்நோக்கி எழுந்ததன்று என்பது தெளிவு.

ஆயின், அன்பர் செயலே அம்மரத்திற்கு இடராதலும் உண்டு. அடியைச் சுற்றிக் கல்பாவிச் சிமெண்டு பூசின், மழைநீரும் காற்றும் வேரிற் செல்லா. கிளையிலும் அடிமரத்திலும் இறுகக் கட்டிய கயிறு, மரம் பருக்குந்தோறும் பட்டையை அறுக்கின்றது; இலை சமைத்த உணவு பட்டை வழியாகவே வேருக்கு இறங்குவதாகலின், வேர் பட்டினியால் நலியும். அடியில் ஏற்றும் கற்பூரமும் அப்பட்டையையே வேகச்செய்யும். ஊற்றுணர்வுடைய உயிரென ஓதிவிட்டு, அதன் உடம்பில் ஆணியறைதல் எங்ஙனம் வழிபாடாகும்? மகப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுவாரது துயர் எள்ளத்தக்கதன்று. அத்தொட்டிலை மரத்தருகே நட்ட கம்பத்திற் கட்டினும் வேண்டுதல் குறைபடாது. மதுரைத் திருக்கோயிலிற் பழைய கடம்பின் பட்ட அடிமரம் போற்றிக் காக்கப்பட்டு வருகின்றது. உயிரோடு நிற்கும் தலமரங்களுக்கு வேண்டுவது, கிளை விரிந்த அளவிற்கேனும் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுதலும், அம்மரத்தின் விதையிலிருந்தே ஒரு கன்றை முன்னரே வளர்த்துவைத்தலுமாம்.