மேடையே போர்க்களமாக: நடிகர் விசுவநாததாஸ்

புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ள சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களுள் தமிழ்நாட்டின் ஊர்தோறும் நடிக்கப்பட்டது ‘வள்ளி திருமணம்’. அந்நாடகத்தை ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஆயுதமாக்கியவர்களுள் தலையாயவர், 1886இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்து, 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே நாடகத்தில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர்நீத்த எஸ்.எஸ்.விசுவநாததாஸ்.

அவருக்கு வாய்ப்பாக அமைந்தது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை. நிலையான குழு ஒன்றின்றி, தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஓர் இரவுக்கு மட்டும் மேடையில் கூடி நடிக்கும் இம்முறையில், கதை எல்லாருக்கும் தெரிந்ததே என்பதால், பாட்டையும் தர்க்கத்தையும் (பாத்திரங்கள் நிகழ்த்தும் சொற்போரையும்) அவரவர் திறமைக்கேற்ப அவ்வப்போது விரித்துக்கொள்ள முடிந்தது. வள்ளி தினைப்புனம் காக்கும் கதையில் பறவைகளுக்குக் குறைவில்லை; விசுவநாததாஸ் பாடிய, மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடலில் வரும் வெள்ளைக் கொக்கு வெள்ளையரையே குறிக்கிறது என்பது கொட்டகையில் இருந்த எழுத்தறியாதவருக்கும் விளங்கியது, காவலருக்கும் விளங்கியது. அரசுக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரமளித்த 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துகைச் சட்டம் பிரெஞ்சு ஆளுகையிலிருந்த புதுச்சேரியில் செல்லாதெனினும், எல்லைக்கு அப்பால் நடிகர்களின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. விசுவநாததாஸ் பலமுறை சிறைப்பட்டார். விடுதலையானதும் மீண்டும் அதே பாடல்களையே பாடினார்.

அதே காலத்து ஜெர்மனியில், பெர்லின் அரசு நாடக அரங்கின் நடிகர் ஹான்ஸ் ஓட்டோ, பொதுவுடைமையர் என்பதால் 1933இல் வேலைநீக்கப்பட்டு, தலைமறைவாக நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டுப் பிடிபட்டு, சித்திரவதைக்குள்ளாகி, அவ்வாண்டு நவம்பரில் 33 வயதில் மாண்டார். ஓட்டோ மேடையை இழந்தபின் மறைவில் போராடினார். தாஸுக்கோ போர்க்களமே மேடைதான், ஆயிரம் கண்கள் பார்க்க, ஒளிய இடமில்லாமல்.

சிறைவாசம் விசுவநாததாஸின் வருவாயை அழித்துக் கடனில் தள்ளியது. அதனினும் கொடியது சொந்த மக்கள் இழைத்தது: முடிதிருத்தும் தொழில்செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே, புகழின் உச்சியிலிருந்த அவருடன் நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். திருமங்கலத்தில் அரசு அவருக்கு நினைவில்லம் அமைத்திருக்கிறது. தியாகி என்று அவரைப் போற்றும் நூல்கள் சிறைக்கணக்கோடு இந்தப் புறக்கணிப்பையும் தவறாமல் எழுதியாக வேண்டும்.