வெண்ணெய் திரளும் வேளை

களனி கங்கை கடலைச் சேரும் இடத்தில் அமைந்ததால் எங்கள் ஊருக்கு முகத்துவாரம் என்று பெயர். ஆழ்கடலின் அலைகளுக்குத் தப்பிவந்த தோணி, ஆற்று நீரும் கடலலையும் மோதுகின்ற மணற்றிட்டருகே, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் தடுமாறுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். ரஞ்சிக் கிண்ணக் கிரிக்கெட்டில் தமிழ்நாட்டு அணியின் கதையை எண்ணும்போதெல்லாம் அந்தக் காட்சியே நினைவுக்கு வருகிறது. 2015 வரை பன்னிரண்டு முறை இறுதியாட்டத்தை எட்டிய அணி அது. அவற்றுள் வென்றது இரண்டே முறை.

கொழும்பில் வாழ்பவனுக்குச் சென்னையின் வெற்றி தோல்வியில் என்ன அக்கறை என்று இன்றைய மாணவர்கள் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் அந்த அணி எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்றது. எங்கள் தமிழ் யூனியன் கழகத்துச் சதாசிவம் 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்ததைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1953 முதல் இலங்கையும் சென்னையும் கோபாலன் கிண்ணத்துக்காக ஆடிவந்தன. அக்கிண்ணத்துக்குப் பெயர் தந்த எம். ஜே. கோபாலன்தான் 1934 நவம்பர் 4ஆம் திகதி, ரஞ்சிக் கிண்ணப் போட்டியின் முதற்பந்தை வீசியவர். சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டத்தில் ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரே நாளில் சென்னைக்கு வெற்றி!

கோபாலனின் வாழ்க்கையிலும் ஒரு தாழி உடைந்தது. ஹொக்கியிலும் வல்லவரான அவர் முன்னே 1936இல் இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக். மற்றது இந்தியக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். அவர் இங்கிலாந்தைத் தெரிந்தெடுத்தார். ஹொக்கி அணி தங்கப் பதக்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கோ ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை.

இனி அணியின் கதைக்கு வருவோம். 1935-36ஆம் பருவத்தில் டில்லியில் நடந்த இறுதியாட்டத்தில் பம்பாய் 190 ஓட்டங்களால் வென்றது. 1940-41இல் சென்னைக்கே வந்து மகாராட்டிரம் கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று. 1954-55இல், பாலு அழகனன் தலைமையில், இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களால் வீழ்த்திச் சென்னை முதன்முறை வாகை சூடியது. ராம்சிங்கின் மகன் கிருபால்சிங் அந்த ஆட்டத்தில் 75, 91 எனக் குவித்து ஏழு விக்கெட்டுகளையும் எடுத்தார். தந்தை தொடங்கி வைத்ததை மகன் முடித்து வைத்தார் என்று அன்று பலரும் மகிழ்ந்திருப்பர். 1967-68இல் மீண்டும் பம்பாயிடம் தோல்வி.

அடுத்தது எனக்கு நேரில் தெரிந்த துயரம். 1972-73ஆம் பருவத்தின் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. பம்பாய் அப்போது பதினான்கு ஆண்டுகளாக இடைவிடாமல் கிண்ணத்தை வைத்திருந்த அணி. தமிழ்நாட்டிடம் வெங்கடராகவனும் வி. வி. குமாரும் இருந்தார்கள். அவர்களின் சுழற்பந்துக்கு ஏற்றதாகவே ஆடுகளம் அமைந்திருந்தது. அவர்களும் ஏமாற்றவில்லை, பம்பாய் 151 ஓட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் பந்து சுழல்கின்ற மண் எல்லோருக்கும் பொதுவல்லவா? பத்மாகர் சிவல்கர் என்னும் இடக்கை வீச்சாளர் 16 ஓட்டங்களைக் கொடுத்து எட்டுப் பேரை வெளியேற்றினார். தமிழ்நாடு 80. பம்பாயின் இரண்டாம் இன்னிங்ஸ் 113. தமிழ்நாட்டின் இரண்டாம் இன்னிங்ஸ் 61. மூன்றாம் நாளின் முதற்பந்தோடு எல்லாம் முடிந்தது.

என் தந்தையார் கணக்கு ஆசிரியர். வானொலியில் செய்தி கேட்டபின் சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், என்னை அழைத்து, “தம்பி, எண்பதும் அறுபத்தொன்றும் எவ்வளவு?” என்று கேட்டார். “நூற்று நாற்பத்தொன்று அப்பா” என்றேன். “பம்பாயின் முதல் இன்னிங்ஸ் மட்டும் எவ்வளவு?” எனக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு முறை ஆடியும், பம்பாய் ஒரு முறை எடுத்த ஓட்டங்களுக்குப் பத்துக் குறைவு. வானொலியை அணைத்துவிட்டுத் தந்தையார் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

1987-88இல், வாசுதேவன் தலைமையில், அதே சேப்பாக்கத்தில் இரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸாலும் 144 ஓட்டங்களாலும் தமிழ்நாடு வென்றபோது அந்தக் காயம் ஆறியது என்றே நினைத்தேன். அதன் பின் வந்த இறுதியாட்டங்கள் ஆறு: டில்லியிடம் ஒன்று, கர்நாடகத்திடம் இரண்டு, மும்பையிடம் அடுத்தடுத்து இரண்டு, இராஜஸ்தானிடம் ஒன்று. ஆறிலும் தோல்வி. 2015இல் கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 ஓட்டங்கள் எடுத்தார்.

இதை விதி என்பர் சிலர். மனத்தளர்ச்சி என்பர் வேறு சிலர். நான் இரண்டையும் ஏற்பதில்லை. மனத்தளர்ச்சியே காரணமென்றால், ஐம்பது ஓவர் விஜய் ஹசாரே கிண்ணத்தை இதே அணி ஐந்து முறை வென்றது எப்படி? 2021 நவம்பரில் இருபது ஓவர் இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தை ஷாருக் கான் ஆறு ஓட்டங்களுக்கு அடித்து வென்றது எப்படி? உண்மையில் பத்துத் தோல்விகளுள் ஐந்து, ஆட்டம் முடிவுறாத நிலையில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் தீர்மானிக்கப்பட்டவை. ஐந்து, சொந்த மண்ணிலேயே நேர்ந்தவை. நாட்கணக்கில் பந்து வீசி எதிரியை இருமுறை வீழ்த்தவும், அசையாமல் நின்று ஆடவும் வல்லவர்கள் ஒரே பருவத்தில் ஒன்றுகூட வேண்டும். சுழற்பந்தையும் சொந்த ஆடுகளத்தையும் அளவுக்கு மீறி நம்பிய அணிக்கு, அவை கைகொடாத நாளில் வேறு துணை இருக்கவில்லை என்பதே என் கணிப்பு.

இராஜஸ்தானைப் பாருங்கள். 1960-61 முதல் 1973-74 வரை எட்டு இறுதியாட்டங்களில் தோற்ற அணி அது. அவற்றுள் ஏழு பம்பாயிடம். அதே இராஜஸ்தான் 2010-11இல் முதன்முறை கிண்ணத்தை வென்று, மறு ஆண்டு சென்னைக்கு வந்து 621 ஓட்டங்களைக் குவித்தது. வினீத் சக்சேனா 257 ஓட்டங்கள் எடுத்தார். தமிழ்நாடு 295. எட்டு முறை அழுதவனின் கையால் அடி வாங்கியதில் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 மார்ச்சில், ஏழு ஆண்டுகளுக்குப் பின், தமிழ்நாடு அரையிறுதியை எட்டியது. எதிரே மறுபடியும் மும்பை. நாணயச் சுழற்சியில் வென்ற அணித்தலைவர் சாய் கிஷோர் துடுப்பாட்டத்தைத் தெரிந்தெடுத்தார்; வேகப்பந்துக்கு உதவிய ஆடுகளத்தில் 146 ஓட்டங்களுக்கு எல்லோரும் வெளியேறினர். பின்னர் அவரே ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரு கட்டத்தில் மும்பை ஏழு விக்கெட்டுகளை இழந்து 106! வெண்ணெய் திரண்டுவிட்டது என்று நானும் என் பேரனும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எட்டாவது விக்கெட்டைத் தேடிக் காத்திருக்கையில் சார்துல் தாக்கூர் சதம் அடித்தார். மும்பை 378. தமிழ்நாட்டின் இரண்டாம் இன்னிங்ஸ் 162.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் சுலக்சண் குல்கர்ணி, முதலில் துடுப்பெடுத்தாடிய முடிவே பிழை என்று பலரறியக் கூறினார். “யார் பிழை, அப்பப்பா?” என்று பேரன் கேட்டான். முடிவு பிழையாக இருக்கலாம். ஆயினும் ஆறு விக்கெட் எடுத்த தலைவனைத் தோற்ற அன்றே சந்தியில் நிறுத்துவது பயிற்சியாளருக்கு அழகன்று என்றேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, 146ஐயும் 162ஐயும் வாய்க்குள் கூட்டிக்கொண்டிருந்தான்.