கிணற்று நீரும் கணக்கின் மீதியும்

மானிப்பாய்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வலிகாமத்துக்கு உரியது மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்துக் கடலேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்றே. ஆதலின் அவ்வூரவரின் குடிநீரும் வெங்காயம், புகையிலை முதலிய தோட்டப் பயிர்களின் உயிரும் கிணற்றையே நம்பியுள்ளன. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பொழியும் மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று.

இம்மிதப்புக்கு ஒரு விதி உண்டு. கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தாலோ, உவர் நீர் காலப்போக்கில் கீழிருந்து 40 அடி ஏறிவிடும். 1901 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் எடுத்துரைத்த இவ்விதி, கடல் சூழ்ந்த குடாநாட்டுக்குப் பெரிதும் பொருந்துவது. துலா மிதித்து இறைத்த காலம் போய், இயந்திரம் பூட்டி இறைக்கும் காலம் வந்த பின்னர், எவ்வளவு இறைக்கலாம் என்பதே முதற் கேள்வியாயிற்று.

இக்கேள்விக்கு விடை தேட இன்று கணினி மென்பொருள்கள் உதவுகின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1984 இல் வெளியிட்ட மொட்ஃபுளோ இவற்றுள் பெயர் பெற்றது. நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் நீர், போகும் நீர், இறைக்கும் நீர் ஆகியவற்றைச் சமன்படுத்தி, நீர்மட்டத்தை அது காண்கிறது. ஆயிரக்கணக்கான கட்டங்களின் விடை ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், முதலில் ஓர் உத்தேச விடையை வைத்து அதனைச் சுற்றுச் சுற்றாகத் திருத்துவதே வழி.

ஓர் எளிய உதாரணத்தால் இதனை விளக்கலாம். கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி ஒரே கோட்டில், சம தூரத்தில் ஐந்து கிணறுகள் உள்ளன எனக் கொள்வோம். கரையோரக் கிணற்றின் மட்டம் 0. ஐந்தாவது கிணற்றின் மட்டம் 8 அடி. இடையில் மழையும் இறைப்பும் இல்லையெனின், நடுவிலுள்ள மூன்று கிணறுகளுள் ஒவ்வொன்றும் தன் இரு அயற்கிணறுகளின் சராசரி மட்டத்தில் நிற்கும். அம்மூன்றையும் முதலில் 0 என வைத்து, கரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சராசரி எடுத்துத் திருத்திச் சென்றால், மூன்றாவது கிணறு முதற் சுற்றில் 0, பின்னர் 2, 3, 3.5, 3.75 அடி என உயர்ந்து, உண்மை விடையான 4 அடியை நெருங்கும். இவ்வாறு நெருங்குதலே ஒருங்கல் எனப்படும்.

இம்முறை கணினிக்கு முற்பட்டது. ஜேர்மானியக் கணித மேதை கௌஸ் 1823 இல் தம் மாணவரொருவருக்கு எழுதிய கடிதத்தில் இத்தகைய முறையை விளக்கினார். 1930 களில் இங்கிலாந்தின் சவுத்வெல், மிகப் பெரிய பிழை எங்கே உள்ளதோ அங்கே முதலில் திருத்தும் முறையைப் பொறியியலில் பரப்பினார்.

அப்படியாயின், எந்தச் சுற்றில் நிறுத்துவது? விடை அதிகம் மாறாதபோது நிறுத்தலாம் என்பது பலருக்கும் தோன்றும் மறுமொழி. ஆயின் இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. கட்டங்கள் பெருகப் பெருகத் திருத்தம் மெதுவாகும். ஒவ்வொரு சுற்றிலும் பிழையின் நூற்றில் ஒரு பங்கே குறைகிறது எனக் கொண்டால், மட்டம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கே மாறும் வேளையிலும் ஏறத்தாழ 10 அங்குலப் பிழை எஞ்சியிருக்கும். ஹேர்ஸ்பேர்க் விதிப்படி இப்பிழை நன்னீரின் ஆழத்தில் 33 அடியாகும். இல்லாத நன்னீரை உண்டென்று நம்பி இறைத்தால் தோட்டம் உவராகும்.

ஆகவே மாற்றத்தை மட்டுமன்றி மீதியையும் நோக்குதல் வேண்டும். மேற்காட்டிய உதாரணத்தில், நான்காம் சுற்றின் முடிவில் நடுவிலுள்ள மூன்று கிணறுகளும் 1.5, 3.5, 5.75 அடியில் நிற்கும். நடுக்கிணற்றுக்கு உள்நாட்டிலிருந்து 2.25 பங்கு நீர் வருகிறது. கடற்பக்கம் 2 பங்கு போகிறது. கால் பங்கு நீர் கணக்கில் அகப்படவில்லை. அதுவே மீதி. விடை செம்மையாகுந்தோறும் மீதி பூச்சியத்தை நாடும். மொட்ஃபுளோவின் தீர்க்கும் முறைகள் சிலவற்றில் மட்ட மாற்றத்துக்கு ஓர் எல்லையும் மீதிக்கு மற்றோர் எல்லையும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பது இதனாலேயே. மொத்த வரவு செலவு சரியாயிருந்தால் போதும் என்பதும் தவறு. ஒரு கட்டத்தின் மிகையும் இன்னொரு கட்டத்தின் குறையும் ஒன்றையொன்று மறைத்துவிடக்கூடும். ஆதலின் தனிக் கட்டங்களுள் மிகப் பெரிய மீதி எது என்பதையும் காணுதல் முறை.

அனுபவமுள்ள பொறியியலாளர் இம்மீதியைச் சுற்றுக்குச் சுற்று வரைபடத்திற் குறித்துப் பார்ப்பர். கோடு சீராக இறங்கினால் நன்று. இறங்காது படுத்துக் கிடந்தால் தரவிலோ முறையிலோ குறையுண்டு. மேலும் கீழுமாக ஆடினால், ஒரு சுற்றில் வற்றிய கட்டம் மறு சுற்றில் நீர் பெற்று மீண்டும் வற்றுகிறதா எனத் தேடுவர். இவ்வேளையில் எல்லையைத் தளர்த்திவிட்டால் கணினி உடனே விடை தந்துவிடும். அது நோயைத் தீர்க்காமல் வெப்பமானியை உடைப்பதை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. மீதி பூச்சியமானாலும், கொடுத்த கணக்குச் சரியாகச் செய்யப்பட்டது என்பதே பெறப்படும். கொடுத்த கணக்குச் சரியானது என்பது பெறப்படாது. சுண்ணாம்புக்கல்லின் குகைகளையும் வெடிப்புகளையும் கணக்கு அறியாது விட்டிருக்கலாம். அதற்குச் சான்று பகர வேண்டியவை கிணறுகளே. மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து, கணினியின் விடையோடு ஒப்பிட வேண்டும். கணக்கின் மீதி, கிணற்றின் அளவு என்னும் இரண்டும் ஒத்த பின்னரே, இவ்வளவு இறைக்கலாம் என்று ஒரு கமக்காரருக்குச் சொல்லும் உரிமை பிறக்கிறது.