கன்றைச் சமைக்கப் போன சிறுவன்

குழந்தையிடம் ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக் கூடாது என்றார் யூத அறிஞர் ரபி ஸேரா. தராமல் போனால் பொய் சொல்ல நாமே பழக்கிவிட்டோம் என்று ஆகிவிடுமாம். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில், கூடாரப் பண்டிகையின் சடங்கு விதிகளை அலசும் இடத்தில், போகிற போக்கில் வந்துவிழும் கருத்து இது. அழுகையை நிறுத்த ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்கும் சொல்லையும் சேர்த்துத்தான் அவர் எச்சரிக்கிறார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

யூதர்கள் காலையிலும் மாலையிலும் ஓதும் ‘ஷெமா’ பிரார்த்தனையில் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தின் வசனங்கள் வருகின்றன. பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் கட்டளை அதில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம் பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறது: இந்த வார்த்தைகள் முதலில் உங்கள் நெஞ்சில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளை. அதற்கும் தனிப் பாடவேளை கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழிநடக்கையிலும், படுக்கும்போதும் எழும்போதும் பேசச் சொல்கிறது. நாள் முழுக்கப் பிள்ளையின் கண்ணெதிரே இருக்கிறவர் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது.

ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வயது 99. நல்ல வெயில் நேரம். விருத்தசேதனம் செய்துகொண்ட மூன்றாம் நாள் அது, வலி ஆறவில்லை என்கிறது மரபு. முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். அவர் வீட்டிலேயே பிறந்து பயிற்சி பெற்ற ஆட்கள் 318 பேர் இருந்ததாக முன்பே ஓர் அதிகாரம் சொல்லியிருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவரோ தாமே மாட்டு மந்தைக்கு ஓடி இளங்கன்றைத் தேர்ந்தெடுத்து, சமைக்கச் சொல்லி ஒரு பையனிடம் கொடுக்கிறார். யார் அந்தப் பையன்? மூலத்தில் பெயர் இல்லை. பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105), பழைய மரபை ஒட்டி, அவன் இஸ்மவேல் என்கிறார். மகனை நற்செயலில் பழக்கவே வேலையை அவன் கையில் கொடுத்தாராம். இஸ்மவேலுக்கு அப்போது 13 வயது. அப்பாவோடு அவனுக்கும் அந்த வாரம்தான் விருத்தசேதனம் நடந்திருந்தது. அப்பா வலியோடு ஓடியதைப் பார்த்த பிறகுதான் வேலை அவனிடம் வருகிறது. இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

இன்றைய யூத வீடுகளிலும் இதன் தொடர்ச்சி உண்டு. வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுமுன் தர்ம உண்டியலில் காசு போடுவது பல குடும்பங்களின் வழக்கம். காசைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போடச் சொல்வார்கள். அது பெற்றோர் தங்கள் பணத்திலிருந்து எடுத்த காசு என்பதைப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் நல்லதாகவே இருக்கும் என்று தல்மூத் நம்பிவிடவில்லை. எருசலேம் ஆலயத்தில் முறைவைத்துப் பணிசெய்த 24 குருக்கள் பிரிவுகளில் ஒன்று பில்கா. அந்தக் குடும்பத்துப் பெண் மிரியாம் மதத்தை விட்டு ஒரு கிரேக்க அதிகாரியை மணந்துகொண்டாள். கிரேக்கர் ஆலயத்துக்குள் புகுந்தபோது அவளும் போய்ச் செருப்பால் பலிபீடத்தில் அடித்து, எங்கள் சனத்தின் பொருளையெல்லாம் தின்று தீர்க்கும் ஓநாயே, நெருக்கடியில் உதவ மாட்டாயா என்று கத்தினாளாம். பின்னாளில் அந்தப் பிரிவு முழுவதற்கும் தண்டனை விழுந்தது. மகள் செய்ததற்குக் குடும்பத்தைத் தண்டிப்பதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கடைத்தெருவில் பிள்ளை பேசுவது அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டதுதான் என்று பதில் சொன்னார் தல்மூத் அறிஞர் அபாயே.

தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. மிரியாம் வளர்ந்த பெண், அவள் முடிவு அவளுடையது. ஆனால் பலிபீடம் வீண் செலவு என்ற எண்ணம் குருக்கள் வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? ஆலய வேலையைப் பற்றி அப்பா வீட்டில் அலுத்துக்கொண்டதைத்தான் அவள் ஊரறியக் கத்தினாள் என்ற அந்த ஊகத்தை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.