தார் போடாத சாலைக்குத் திருவிழா!
மலை ஏறிப் பழைய ஊர்களைக் காட்டும் சைக்கிள் பாதை

"எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வேண்டும்" என்று கேட்காத கிராமம் உண்டா? மனு கொடுப்பார்கள். மறியல் கூடச் செய்வார்கள். ஆனால், "இந்தச் சாலைக்குத் தார் போடாதீர்கள். மண் சாலை மண் சாலையாகவே இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அந்தச் சாலையைக் காப்பாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

அந்த வழி என்ன தெரியுமா? சைக்கிள்!

இது நடந்தது இத்தாலி நாட்டில். அங்கே டஸ்கனி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பிளாரன்ஸ், சியெனா என்ற இரண்டு பழம்பெரும் நகரங்கள் அந்த மாநிலத்தில் உள்ளன. இரண்டு நகரங்களுக்கும் நடுவே கியாந்தி என்னும் குன்றுகள். குன்றுக்குக் குன்று ஒரு கோட்டை, ஒரு கோவில், ஒரு கிராமம். இவற்றை எல்லாம் கோத்து வைத்தது போல மண் சாலைகள் போகின்றன.

வெள்ளைச் சாலை

இந்தச் சாலைகளில் வெளிறிய சரளைக் கல்லைக் கொட்டிக் கெட்டித்திருக்கிறார்கள். வெயில் பட்டால் சுண்ணாம்பு அடித்தது போலப் பளிச்சென்று இருக்கும். அதனால் "ஸ்ட்ராடே பியாங்கே" என்று பெயர் வைத்தார்கள். "வெள்ளைச் சாலைகள்" என்று பொருள்.

சில இடங்களில் சாலை ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும். நம் ஊர் நெட்டிலிங்க மரம் போல ஒல்லியாக, உயரமாக இருக்கும். வடக்கே போனால் திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு. சியெனாவுக்குத் தெற்கே போனால் களிமண் குன்றுகள். அங்கே மரம் குறைவு. கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை வயல்.

சமதளம் என்பது அங்கே அபூர்வம். ஏறினால் இறங்க வேண்டும். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும்!

வாரக்குடிகளின் பாதை

இந்தச் சாலைகளில் தினமும் போய் வந்தவர்கள் யார்? ஏழை விவசாயிகள்தான்.

நிலம் பண்ணையாருக்குச் சொந்தம். உழைப்பு விவசாயிக்குச் சொந்தம். விளைந்ததில் பாதி பண்ணையாருக்குப் போகும். நம் ஊரில் வாரத்துக்கு விடுவது போல அங்கேயும் பல நூறு ஆண்டுகளாக நடந்தது. ஒவ்வொரு குன்றின் மேலும் ஒரு வாரக்குடியின் கல்வீடு இருந்தது. வெள்ளை மாடு பூட்டிய வண்டிகள் இந்தப் பாதைகளில்தான் போயின.

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பையன்கள் தொழிற்சாலை வேலைக்குப் பட்டணம் போனார்கள். 1964-ம் ஆண்டில் புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. குன்றின் மேல் இருந்த வீடுகள் பல காலியாயின. வண்டிகள் நின்றன. மோட்டார் கார்கள் பெருகின. சாலைகளுக்குத் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

92 பேர்

அப்போதுதான் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் கிளம்பினார். சைக்கிள் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். பழைய காலத்துப் பந்தய வீரர்கள் இப்படிப்பட்ட மண் சாலைகளில்தான் ஓட்டினார்கள். சாலை போய்விட்டால் அந்த நினைவும் போய்விடும் என்று அவர் கவலைப்பட்டார்.

1997-ம் ஆண்டு கையோலே என்ற சிறிய ஊரில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடத்தினார். வந்தவர்கள் 92 பேர். "எரோய்கா" என்று பெயர் வைத்தார். "வீரம் மிக்கது" என்று அர்த்தம்.

இப்போது அக்டோபர் மாதத்தில் நடக்கும் இந்த விழாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். கையோலே வட்டாரத்தில் வசிப்பவர்களோ மூவாயிரம் பேருக்கும் குறைவு! விழாவின்போது வந்தவர்கள்தான் அதிகம், ஊர்க்காரர்கள் குறைவு.

இது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. சைக்கிள் 1987-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் குச்சி கைப்பிடியில் இருக்கக் கூடாது. கீழே சட்டத்தில் இருக்க வேண்டும். மிதிகட்டையில் கால் விரலைப் பிடிக்கும் கூடும் வாரும் இருக்க வேண்டும். பலர் அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மாற்று டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள்.

சைக்கிள் வீரர் பர்த்தாலி

இந்த வட்டாரத்துக்காரர்கள் மறக்காத பெயர் ஒன்று உண்டு. ஜீனோ பர்த்தாலி. 1914-ல் பிளாரன்சுக்குப் பக்கத்தில் பிறந்தவர். உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுச் சைக்கிள் பந்தயத்தில் 1938-ல் ஜெயித்தார். பிறகு போர் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1948-ல் மறுபடியும் ஜெயித்தார்!

போர்க் காலத்தில் யூதர்களை நாஜிகள் வேட்டையாடினார்கள். அவர்கள் தப்புவதற்கு வேண்டிய போலி அடையாளச் சீட்டுகளைப் பர்த்தாலி தம் சைக்கிளின் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டு போய்க் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கேட்டால், "பயிற்சி செய்கிறேன்" என்பாராம். யூதர்களைக் காப்பாற்றியதற்காக இஸ்ரேலில் உள்ள யாத் வஷேம் நினைவகம் 2013-ல் அவருக்குச் சிறப்புச் செய்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2000-ம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

வழியில் என்ன பார்க்கலாம்?

எரோய்காவின் நீளமான பாதை 209 கிலோ மீட்டர். அதாவது சுமார் 130 மைல். அதில் ஏறத்தாழ பாதி வெள்ளைச் சாலை. குறைந்த தூரப் பாதைகளும் உண்டு.

நீளமான பாதைக்காரர்கள் விடியும் முன்பே விளக்கோடு கிளம்புவார்கள். முதல் ஏற்றம் புரோலியோ கோட்டை. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரி பெத்தினோ ரிக்காசோலியின் குடும்பக் கோட்டை அது.

தெற்கே போனால் புவோன்கொன்வென்டோ. செங்கல் மதில் சூழ்ந்த சிற்றூர். 1313-ல் ஏழாம் ஹென்றி சக்கரவர்த்தி இங்கேதான் உயிர் விட்டார்.

அடுத்து மொண்டால்சினோ. மலை உச்சியில் கோட்டை. 1555-ல் சியெனா நகரம் எதிரியிடம் வீழ்ந்தது. பணிய மறுத்தவர்கள் இந்த மலைக்கு ஓடி வந்தார்கள். இங்கிருந்தபடியே நான்கு வருஷம் தங்கள் குடியரசை நடத்தினார்கள்!

சேவல் கூவியது

கியாந்தி பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பிளாரன்சுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறு. தீர்ப்பதற்கு ஒரு யோசனை செய்தார்கள். சேவல் கூவியதும் இரண்டு நகரத்திலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம்தான் எல்லை.

சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டார்கள். பிளாரன்ஸ்காரர்கள் ஒரு கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். பசி தாங்காத கருஞ்சேவல் விடியும் முன்பே கூவிவிட்டது! பிளாரன்ஸ் வீரன் பாதிக்கு மேல் வந்துவிட்டான். எதிரி சியெனாவை விட்டு வெகு தூரம் வரவில்லை. கியாந்தி பிளாரன்சுக்குப் போய்விட்டது.

இன்றும் அந்த ஊர்த் திராட்சை மதுப் புட்டியில் கருஞ்சேவல்தான் சின்னம்.

பழங்குழம்பு விருந்து

களைத்து வருகிறவர்களுக்கு வழியில் சாப்பாடு போடுகிறார்கள். கிராமத்து ஏழைகள் சாப்பிட்ட அதே சாப்பாடு! மிஞ்சிய ரொட்டி, அவரை விதை, கீரை எல்லாம் போட்டுக் காய்ச்சிய குழம்பு. அதன் பெயர் ரிபொல்லீத்தா. "மறுபடி கொதித்தது" என்று பொருள். நம் வீட்டில் பழங்குழம்பைச் சுண்டவைப்பது போலத்தான்! டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

உலகம் பார்த்தது

2007-ல் தொழில்முறை வீரர்களுக்கும் இந்தச் சாலைகளில் ஒரு பந்தயம் ஆரம்பித்தார்கள். பந்தயம் முடிகிற இடம் சியெனாவின் பழைய சதுக்கம். சுவிட்சர்லாந்து வீரர் கான்செலாரா மூன்று முறை வென்றார். களிமண் குன்றுகளில் ஒரு வெள்ளைச் சாலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 2015 முதல் பெண்களுக்கும் இந்தப் பந்தயம் உண்டு. டெலிவிஷனில் உலகமே வெள்ளைச் சாலையைப் பார்க்கிறது.

ஊருக்கு என்ன லாபம்? காலியாகக் கிடந்த பண்ணை வீடுகள் பல இன்று வெளியூர்க்காரர் தங்கும் விடுதிகள் ஆகிவிட்டன. பாதை நெடுக அடையாளப் பலகை இருப்பதால் விழா இல்லாத நாளிலும் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. கோடையில் கார் போனால் புழுதி. மழை பெய்தால் சேறு. சரளை அரித்துப் போனால் மறுபடி கொட்டிச் சமன் செய்ய வேண்டும். இதை எல்லாம் அன்றாடம் தாங்குகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். வந்து ரசித்துவிட்டுப் போகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

வசந்த காலமும் இலையுதிர் காலமும் நல்லவை. நடுக் கோடையில் வெயில் கொளுத்தும். டயர் கொஞ்சம் பட்டையாக இருக்கட்டும். சரளை இறக்கத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். சறுக்கிவிடும். தண்ணீர் கையோடு இருக்க வேண்டும். இன்னொன்று: இத்தாலியில் வண்டிகள் வலது பக்கம் போகும்!

சாலை புதிதானால் ஊர் பிழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது பெரும்பாலும் உண்மைதான். கையோலேயில் மட்டும், பழைய சாலையை விட்டு வைத்ததால் ஊர் பிழைத்திருக்கிறது.