வாங்கிய வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமை

மளிகை வியாபாரிக்குத் தராசு எப்படியோ, அப்படித்தான் இன்று சரக்கு வண்டியும். கோயம்பேட்டிலிருந்து லோடு வராவிட்டால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அன்றைய வியாபாரம் பாதி போயிற்று. முன்பெல்லாம் வண்டி நின்றால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவோம், மாலைக்குள் ஓடிவிடும். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாறைக் காட்டும் கருவியும் விவரமும் பல நேரங்களில் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் உண்டு. அங்கோ வரிசை. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லையே!

கார் விஷயத்தில் இந்தக் கேள்வி 2011-லேயே எழுந்தது. ஒரு வாடிக்கையாளர் டில்லியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஆணையம் 25-8-2014 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நமக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய்க்கும் 2015-ல் 420 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் வழக்கில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்ததே தவிர, தவறு தவறுதான் என்றது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. ஆனால் இணையதளம் சட்டமாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்குச் சட்டம் இயற்றிவிட்டது.

போலி பாகங்கள் புகுந்துவிடும், பாதுகாப்பு கெடும் என்கின்றன கம்பெனிகள். அச்சம் நியாயமானதே. ஆனால் கலப்படம் நடக்கிறது என்பதற்காக, மளிகைக் கடைகளை மூடிவிட்டு ஆலைக்காரர் மட்டுமே விற்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. லைசென்ஸ் வைத்தார்கள், மாதிரி எடுத்துச் சோதித்தார்கள், தவறு செய்தவரைத் தண்டித்தார்கள். அதே முறை உதிரி பாகத்துக்கும் பொருந்தும்.

அரிசி மூட்டையை விற்றபின், எங்கள் அடுப்பில்தான் சமைக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. 2014 உத்தரவு கார்களைப் பற்றியது. வரும் சட்டத்தில் சரக்கு வண்டியும் இடம்பெற வேண்டும். இதை வலியுறுத்தி ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறோம். அதுவரை, வண்டி வாங்கும்போது வாரண்டி நிபந்தனைகளை முழுதும் படித்துக் கையெழுத்திடுவோம். வெளியே பார்க்கும் ஒவ்வொரு வேலைக்கும் பில் வாங்கி வைப்போம்.